ஓடாத சிறு பொறி

சென்ற தவணையில் ஒருநாள் எட்டாம் வகுப்பிற் புணர்ச்சி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவனுடைய கண்கள் நூலில் இல்லை, மடியில் இருந்தன. அருகிற் சென்று பார்த்தேன். பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் அவன் தந்தையார் வாங்கிக் கொடுத்த விளையாட்டுப் புகையிரதம் அங்கே இருந்தது. தகரத்தால் ஆயது, திறப்பினாற் சுருள்வில்லை முறுக்கிவிட்டால் ஓடும் இனத்தது. அது ஓடவில்லை. எனவே மூடியைக் கழற்றி உள்ளே பற்சில்லுகளை ஆராய்ந்துகொண்டிருந்தான். கடிந்துரைக்க வாயெடுத்த எனக்கு ஜேம்ஸ் வாற் என்னும் பெரியாரின் வரலாறு நினைவுக்கு வந்தது. வாளாவிருந்துவிட்டேன். அவ்வரலாற்றையே இன்று வாசகர்க்குக் கூறப் புகுகின்றேன்.

வாற் என்றவுடன் நம் பிள்ளைகள் கூறுவது ஒரு கேத்தலின் கதை. அடுப்பிற் கொதித்த கேத்தலின் மூடி நீராவியால் எழுந்ததைச் சிறுவன் கண்டான். உடனே நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்பர். கதை இனியது, ஆயினும் வரலாறு அவ்வாறு நிகழவில்லை. வாற் பிறப்பதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1712ஆம் ஆண்டில், தோமஸ் நியூகொமன் என்னும் இரும்பு வணிகர் அமைத்த நீராவிப் பொறி இங்கிலாந்திற் சுரங்க நீரை இறைக்கத் தொடங்கியிருந்தது. வாற்றின் பெரும்புகழுக்கு வித்திட்டது கொதிக்கும் கேத்தலன்று. பழுதுபட்டு ஒதுக்கப்பட்ட ஒரு மாதிரிப் பொறியேயாம்.

ஜேம்ஸ் வாற் 1736ஆம் ஆண்டு தை மாதம் 19ஆம் நாள் ஸ்கொத்லாந்து நாட்டிலே கிறீனொக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் கப்பற்றச்சுத் தொழிலும் கப்பலுக்கு வேண்டிய பொருள்களின் வணிகமும் உடையவர். இளமையில் வாற் நோயாளி. ஓயாத தலைவலி அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல இயலாத அப்பிள்ளைக்குப் பெற்றோரே வீட்டில் ஆசிரியராயினர். தந்தையாரின் பட்டறையில் அவருக்கெனச் சிறு கருவிகளும் ஒரு மூலையும் கொடுக்கப்பட்டன. அம்மூலையே அவருடைய முதற் கல்லூரி.

இளமையிலேயே தாயாரை இழந்தார்; தந்தையாரின் வணிகமும் தளர்ந்தது. 1755இல் இலண்டன் சென்று கணிதக் கருவி செய்யும் தொழிலைக் கற்க முயன்றார். ஏழாண்டு பயின்றாலன்றித் தொழிலாளியாக ஏற்கோம் என்பது அங்குள்ள தொழிற்சங்கத்தாரின் விதி. இருபது கினி பெற்றுக்கொண்டு ஓராண்டு மட்டும் கற்பிக்க ஜோன் மோர்கன் என்பவர் இசைந்தார். பலர் ஏழாண்டிற் கற்பதை ஓராண்டிற் கற்ற வாற், உடல் நலிந்து ஊர் திரும்பினார்.

அக்காலை கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துக்கு ஜமேக்காத் தீவிலிருந்து வானாராய்ச்சிக் கருவிகள் சில நன்கொடையாக வந்தன. அவை கடற்காற்றினால் துருவேறிக் கிடந்தன. அவற்றைத் துப்புரவு செய்து செப்பனிடும் பணி வாற்றுக்குக் கிடைத்தது. அதனை அவர் செவ்வனே முடித்தமையால், 1757இற் பல்கலைக்கழக வளாகத்திலேயே அவருக்கு ஒரு பட்டறை தந்தனர். பட்டம் பெறாத அவ்விளைஞரின் பட்டறைக்குப் பேராசிரியர்கள் நாடோறும் வந்து உரையாடினர். வெப்பத்தை ஆராய்ந்த யோசேப்பு பிளாக் என்னும் பேரறிஞர் அவருக்கு உற்ற நண்பரானார்.

பல்கலைக்கழகத்தில் நியூகொமன் பொறியின் மாதிரி ஒன்று இருந்தது. மாணவர்க்குக் காட்டுவதற்கென வாங்கிய அது ஒழுங்காக ஓடவில்லை. இலண்டனிலே பெயர்பெற்ற கருவியாளர் ஒருவரிடம் அதனை அனுப்பியிருந்தனர். அவராலும் அதனைச் சீராக்க இயலவில்லை. திருப்பி வரவழைத்து, 1763ஆம் ஆண்டின் மாரிக்காலத்தில் வாற்றிடம் ஒப்படைத்தனர்.

அப்பொறி தொழிற்படும் முறையை ஈண்டு அறிதல் வேண்டும். கொதிகலனிலிருந்து நீராவி மேலெழுந்து ஓர் உருளையை நிரப்பும். பின்னர் அவ்வுருளைக்குள்ளே குளிர்நீர் பீச்சப்படும். நீராவி ஒடுங்கி நீராக, உள்ளே வெற்றிடம் தோன்றும். உடனே வளிமண்டல அமுக்கம் உருளையிலுள்ள முசலத்தைக் கீழே தள்ளும். முசலத்தோடு பிணைத்த நெடுமரம் நம் கிணற்றடித் துலாவைப்போல் மறுபுறம் எழுந்து நீரை இறைக்கும்.

வாற் முதலில் உறுப்புக்களைச் செப்பனிட்டார். பொறி ஓடியது, சில அடிகள் அடித்ததும் நின்றது. கொதிகலன் போதிய அளவினதாகவே தோன்றியது. நெருப்பை ஊதி வளர்த்தாலும் நீராவி போதவில்லை. பிறர் ஒருவராயின் கொதிகலனைப் பெரிதாக்கி அவ்வளவில் அமைந்திருப்பர். வாற் அவ்வாறு செய்யவில்லை. நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என மருத்துவர்க்கு வள்ளுவப் பெருந்தகை வகுத்த நெறி அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. நீராவி எங்கே போகின்றது என்று வினாவினார்.

மாதிரியின் உருளை இரண்டு அங்குல விட்டமும் ஆறு அங்குல ஓட்டமும் உடையது. அண்டாவிலுள்ள சோறு நெடுநேரம் சூடாயிருக்கும். சிறு கிண்ணத்துச் சோறு விரைவில் ஆறிப்போகும். கொள்ளும் அளவை நோக்கச் சிறு கலத்துக்குப் புறப்பரப்பு மிகுதியாதலே காரணம். மேலும், பெரிய பொறிகளின் வார்ப்பிரும்பிலும் பார்க்க மாதிரியின் பித்தளை வெப்பத்தை விரைந்து கடத்துவது. ஆதலின் மாதிரியில் நீராவி மிகுதியாக வீணாயிற்று. பொறியின் சுமையைக் குறைத்து வாற் அதனை ஓடச்செய்தார். ஒப்புக்கொண்ட வேலை அவ்வளவில் முடிந்தது, வினா முடியவில்லை.

ஆளிவிதை எண்ணெய் ஊட்டிச் சூட்டில் உலர்த்திய மரத்தால் வேறோர் உருளை செய்து பார்த்தார். ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 1800 பங்கு நீராவியாகும் என அளந்தார். ஒவ்வோர் அடிக்கும் உருளையின் கொள்ளளவைப் போலப் பன்மடங்கு நீராவி செலவாதலைக் கண்டார். நீராவி தன் எடையைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்கு உயர்த்துவதைக் கண்டு வியந்தார். பிளாக் தாம் முன்னரே கண்டிருந்த மறைவெப்பத் தத்துவத்தை எடுத்துக்கூறி அவ்வியப்பை விளக்கினார்.

இப்பொழுது நோய்முதல் புலனாயிற்று. ஒரே உருளை ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை சூடேறி ஒருமுறை குளிர்கின்றது. புதிதாக வரும் நீராவியிற் பெரும்பகுதி குளிர்ந்த உலோகத்தை மீளச் சூடாக்குவதிலேயே அழிகின்றது. உருளை எக்காலமும் சூடாயிருத்தல் வேண்டும்; நீராவியோ குளிர்ந்தாலன்றி ஒடுங்காது. இரண்டும் ஓரிடத்தில் எங்ஙனம் பொருந்தும்? ஓராண்டுக்கு மேலாக இவ்வினா அவரை வாட்டியது. 1765ஆம் ஆண்டு வேனிற்றொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே கிளாஸ்கோப் பசும்புல்வெளியில் உலாவுகையில் விடை தோன்றியது. நீராவியை உருளையில் ஒடுக்காது, குழாயால் இணைத்த வேறொரு கலத்துக்கு ஈர்த்து அங்கே ஒடுக்கினால் என்ன? உருளை சூடாகவே இருக்கும். ஒடுக்கி குளிர்ந்தே இருக்கும். அன்று ஓய்வுநாளாதலின் பட்டறை புகாது பொறுத்திருந்தார் என்பர்.

விடை ஒரு நாளில் வந்தது. அது பொறியாக உருவெடுக்கப் பதினோராண்டு சென்றது. பெரிய உருளையைச் செம்மையாகக் கடையவல்லார் அக்காலத்து அரியர். முசலத்தின் பக்கமாக நீராவி கசிந்தது. 1769இல் ஆக்கவுரிமை கிடைத்ததாயினும் பொருள் கிடைக்கவில்லை. 1764இல் மணம் புரிந்து குடும்பத்தலைவராகிவிட்ட வாற், கால்வாய்களுக்கு நில அளவை செய்து உண்ணவேண்டியவரானார். 1773இல் வடமலை நாட்டில் அவ்வேலையில் இருந்தபோது மனைவியார் மார்கரெற் மகப்பேற்றிலே இறந்தார். செய்தி கேட்டு மழையினூடே வீடு திரும்பினார். அவ்வாண்டிலேயே, அவருக்குப் பொருளுதவி செய்துவந்த ஜோன் ரோபக் என்னும் தொழிலதிபரும் கடனில் மூழ்கினார்.

இருள் மிகுந்த அவ்வேளையிற் பேர்மிங்ஹாம் நகரத்து மத்தியூ போல்ற்றன் கைகொடுத்தார். ரோபக்கின் பங்கு அவரிடம் சென்றது. வாற் 1774இல் அந்நகரிற் குடியேறினார். பீரங்கி துளைப்பதற்கு ஜோன் வில்கின்சன் அமைத்த புதிய கடைசற்பொறி உருளைகளையும் செம்மையாகக் கடைந்தது. 1776இல் வாற்றின் பெரும்பொறிகள் தொழிற்படத் தொடங்கின. பழைய பொறியிலும் பார்க்க மிகக் குறைந்த நிலக்கரி போதுமாயிற்று. மிச்சமான நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கையே கூட்டாளிகள் இருவரும் ஊதியமாகப் பெற்றனர். பின்னர் சில்லைச் சுழற்றும் பொறியையும், இருபுறமும் நீராவி தள்ளும் உருளையையும், வேகத்தைத் தானே அடக்கும் கருவியையும் வாற் சேர்த்தார். சுரங்கத்தில் நின்ற நீராவிப் பொறி நெசவாலைக்கும் மாவாலைக்கும் வந்தது.

அவர் குறையற்றவர் என்று கூறேன். நீராவியின் உயர்ந்த அமுக்கத்தை அவர் அஞ்சினார். அவர்தம் தொழிலகத்து அறிஞர் வில்லியம் மேர்டொக் 1784இல் நீராவியால் ஓடும் சிறு வண்டி மாதிரி ஒன்றைச் செய்தபோது, வாற்றும் போல்ற்றனும் அதனை ஊக்கினாரல்லர். ஒரு மாதிரியால் உயர்ந்தவர் மற்றொரு மாதிரியின் எதிர்காலத்தைக் காணவில்லை. 1800இல் அவருடைய ஆக்கவுரிமை முடிந்தது. 1804இல் றிச்சட் திறெவிதிக் உயரமுக்கப் பொறியைத் தண்டவாளத்தில் ஓட்டினார். புகையிரதத்தைத் தந்தவர் வாற் அல்லர். எனினும் நீராவியை அளந்தறியும் அறிவை உலகுக்குத் தந்தவருள் அவர் தலைசிறந்தவர்.

முதுமையில் வாற் தொழிலினின்று விலகி, வீட்டின் கூரைக்கடியில் ஒரு சிற்றறையைப் பட்டறையாக்கிக் கொண்டார். 1819ஆம் ஆண்டு ஆவணி 25ஆம் நாள், எண்பத்துமூன்றாம் அகவையிற் காலமானார். அச்சிற்றறை நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 1924இல் இலண்டன் அறிவியற் காட்சிச்சாலைக்குப் பெயர்க்கப்பட்டது. அவர் செப்பனிட்ட மாதிரிப் பொறி கிளாஸ்கோப் பல்கலைக்கழகக் காட்சிச்சாலையில் இன்றும் உள்ளது. நம் வீட்டு மின்குமிழ் ஒவ்வொன்றிலும் அவர் பெயர் வலுவின் அலகாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

வன்னியில் வாழ்ந்த நமக்கு இவ்வரலாறு அயலாருடையதன்று. 1990இன் பின்னர் மின்சாரமும் மின்கலமும் பெற்றோலும் அற்றிருந்த ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டி ஓட்டினோம். பழுதான பொருளை எறிய வழியில்லாத அந்நாளில் ஒவ்வொரு கம்மியரும் நோய்முதல் நாடினார். ஊரின் தண்டவாளமே பெயர்த்தெடுக்கப்பட்டு மறைந்தது. 2013இலே கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. இன்று பொருள்கள் மலிந்துவிட்டன. பழுதானதை எறிந்து புதியதை வாங்குகின்றோம். பொருளோடு வினாவையும் எறிந்துவிடுகின்றோமோ என அஞ்சுகின்றேன். நூலை மட்டுமே கல்வியெனக் கருதும் என்போன்ற ஆசிரியர்க்கும் இவ்வச்சத்திற் பங்குண்டு.

அம்மாணவன் மறுநாள் என்னிடம் வந்தான். சுருள்வில் முறியவில்லை, அச்சுக்களில் இட்ட பழைய எண்ணெய் பிசினாக இறுகிச் சில்லுகளைப் பிடித்திருந்ததாம். மண்ணெண்ணெயாற் கழுவி, உலர்த்தி, ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு துளி தையற்பொறி எண்ணெய் இட்டிருந்தான். என் மேசைமீது வைத்தான். அது ஒரு முழம் ஓடி நின்றது. ஏன் நின்றதென்று அவன் மீண்டும் அதனைத் திறந்தான். அன்று இலக்கண பாடத்தைச் சற்றுப் பிந்தித் தொடங்கினேன்.