கூரத்தாழ்வான் தேவிகள் ஆண்டாள்

கூரத்தாழ்வானின் வைபவத்தில் ஆழ்ந்துவிடும் நாம், அவர் தேவிகளான ஆண்டாளம்மையாரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். காஞ்சிக்கு அருகே கூரத்தில் பெருஞ்செல்வத்தைத் துறந்து ஆழ்வான் திருவரங்கம் புறப்பட்டபோது, அம்மையார் கொண்டுவந்தது அவர் அமுது செய்யும் பொன்வட்டில் ஒன்றே. காட்டு வழியில் ஆழ்வான் அதையும் வாங்கி எறிந்தார்.

திருவரங்கத்தில் ஒருநாள் ஓயாத மழை. உஞ்சவிருத்திக்குச் செல்ல இயலாமல் ஆழ்வான் பட்டினியாக எழுந்தருளியிருந்தார். இரவில் அரவணை மணியோசை கேட்ட அம்மையார், அடியவர் பசித்திருக்கப் பெருமாள் அமுது செய்வதோ என்று நினைந்தார். உடனே பிரசாதம் திருமாளிகை தேடி வந்தது. பெருமாளிடம் வேண்டியதற்கு ஆழ்வான் வருந்தினார். 2 திரளை மட்டும் ஏற்று, மீதியை அவருக்கே அளித்தார். அதன் பலனாகவே பராசர பட்டரும் வேதவ்யாச பட்டரும் அவதரித்தனர் என்பர் பெரியோர்.

பட்டரின் ஸ்ரீபாத தீர்த்தத்தைப் பெற்ற தாயே ஏற்பாராம். வினவியவர்களிடம், சிற்பி தான் வடித்த திருமேனியைத் தொழுவதில்லையா என்றாராம்.

அந்தப் பட்டர் இளம்பிராயத்திலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆழ்வானை முன்னரே பிரிந்திருந்த அம்மையார், மகனை மங்களாசாஸனம் செய்தே வழியனுப்பினார். பெற்ற வயிறு கலங்காதிருந்திருக்கும் என்று அடியேனால் எண்ண இயலவில்லை. ஆயினும், பிரிவாற்றாமல் அழுத வேதவ்யாச பட்டரிடம், தமையன் பரமபதம் புகுவதில் பொறாமையோ என்று கேட்டு, அவரைத் தேற்றினார்.