நாவலர் துறந்த உத்தியோகம்

கொடுமைப்படுத்தும் மேலதிகாரியிடமிருந்து விலகுவதற்கு அதிகத் துணிவு தேவைப்படுவதில்லை. வெறுப்பே அதற்குப் போதுமானது. ஆனால், நம்மை மதித்து, வளர்த்து, போகவேண்டாம் என்று மன்றாடுகின்ற ஒருவரிடமிருந்து விலகுவது அவ்வளவு எளிதானதன்று. அத்தகைய பிரிவொன்று 1848 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. விலகியவர் பின்னாளில் ஆறுமுக நாவலர் எனப் புகழ்பெற்ற நல்லூர் ஆறுமுகம். தடுத்தவர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பார்சிவல் பாதிரியார்.

1822 டிசம்பர் 18 இல் நல்லூரில் கந்தருக்கும் சிவகாமிக்கும் மகனாகப் பிறந்த ஆறுமுகம், இளமையில் மரபுவழித் தமிழ்க் கல்வியைப் பெற்றார். பின்னர் ஆங்கிலம் கற்பதற்காகப் பார்சிவலின் பாடசாலையிற் சேர்ந்தார். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என நாம் அறிந்திருப்பது அப்பாடசாலையே. மாணவரின் திறமையைக் கண்ட பாதிரியார் அவரையே அங்கு ஆசிரியராக்கினார். அத்துடன் நில்லாது, விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் தமது பெரும் பணிக்கும் அவரைத் துணையாகக் கொண்டார். தமிழகத்து அறிஞரான மகாலிங்கையர் அம்மொழிபெயர்ப்பைப் பரிசீலித்து அதன் நடையை ஏற்றுக்கொண்டதாக நாவலரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இந்த உறவில் ஒரு விசித்திரம் உண்டு. மிஷன் பாடசாலையில் வேதனம் பெற்று, விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய அந்த இளைஞர் ஒருபோதும் மதம் மாறவில்லை. சைவராகவே வாழ்ந்தார். தமக்குக் கிடைத்த அனுபவத்தைக் கொண்டு பாதிரிமாரின் பிரசங்க முறையையும் பாடசாலை நிர்வாகத்தையும் அச்சுப் பணியையும் உன்னிப்பாக அவதானித்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அப்போதும் அவர் பார்சிவலின் கீழேயே ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இரு பணிகளையும் ஒருங்கே கொண்டு செல்ல முடியாது என்பதை அவர் உணர்ந்தார். 1848 இல் தமது ஆசிரியப் பதவியைத் துறக்க முடிவு செய்தார்.

பாதிரியார் இம்முடிவை ஏற்க விரும்பவில்லை. வேதனத்தை உயர்த்தித் தருவதாகக் கூறினார். தம்முடனேயே இருக்குமாறு வேண்டினார். இருபத்தைந்து வயது இளைஞருக்கு இது சிறிய சோதனை அன்று. அக்காலத்தில் நிரந்தர வருவாயுடன் கூடிய மிஷன் உத்தியோகம் பலருக்கும் எட்டாக்கனி. மறுபுறத்தில் அவரை எதிர்நோக்கியிருந்ததோ, வேதனமே இல்லாத பாடசாலை. வீடுதோறும் பெறப்படும் பிடியரிசியையும் ஊரவரின் உதவியையும் நம்பியே அது இயங்க வேண்டியிருந்தது. அரசாங்க நன்கொடையும் நீண்டகாலம் அதற்குக் கிட்டவில்லை. இருந்தும் நாவலர் இசையவில்லை.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவர் கோபத்தில் பதவியை வீசிவிட்டு வெளியேறியவர் அல்லர். பிரசங்கத்தைத் தொடங்கி, பாடசாலையை நிறுவி, செல்லும் இடத்தை ஆயத்தம் செய்த பின்னரே விலகினார். ஆகவேதான் உயர்த்தப்பட்ட வேதனமும் உரிமையுடன் விடுக்கப்பட்ட வேண்டுகோளும் அவரை அசைக்கவில்லை. போகும் திசை தெளிவாக இருப்பவரைக் கூடுதல் பணம் நிறுத்துவதில்லை.

1849 இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை அளித்தது. வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து பாலபாடங்களும் இலக்கண நூல்களும் சமய நூல்களும் வெளிவந்தன. தமிழ் உரைநடை அவர் கையில் தெளிவும் ஒழுங்கும் பெற்றது. 1864 இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையை நிறுவினார். 1879 டிசம்பர் 5 இல் அவர் காலமானபோது, அந்தப் பழைய உத்தியோகத்தின் வேதனம் எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை.

நாவலரின் நிலைப்பாடுகள் அனைத்தும் இன்று நமக்கு ஏற்புடையன அல்ல. சாதி வேறுபாட்டை அவர் ஆதரித்தமை கடுமையான விமர்சனத்துக்குரியது. அதை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையாகாது. ஆயினும் தமது சமூகத்தின் பிள்ளைகள் தமது சமயத்தை இழக்காமலேயே நவீன கல்வியைப் பெறவேண்டும் என்னும் அவரது எண்ணம், இந்நாட்டில் அவரோடு நின்றுவிடவில்லை. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும், 1892 இல் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி தோன்ற உழைத்ததும் இதே கவலையினாலேயே.

பார்சிவலையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. திறமையை இனங்கண்டு இடமளித்த நல்லாசான் அவர். நல்லாசானுக்கு நன்றி பாராட்டுவது கடன். ஆனால், அக்கடனைத் தீர்ப்பதற்கு வாழ்நாள் முழுவதையும் அவருடைய பணிக்கே ஒப்படைக்கவேண்டும் என்பதில்லை. அவரிடம் கற்றதைக் கொண்டு தன் மக்களுக்குப் பணியாற்றுவதும் நன்றிக்கடனே. இதை உணர்ந்தே நாவலர் அன்று விடைபெற்றார் என நாம் கருதுகின்றோம்.