கிரகர் மெண்டல்

பட்டாணி விதைகளுள் உருண்டு திரண்டனவும் உண்டு. தோல் சுருங்கியனவும் உண்டு. இச்சிறு வேற்றுமையை ஆராய எட்டாண்டு உழைத்த துறவி கிரகர் மெண்டல். அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1822-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அக்காலத்து ஆஸ்திரியப் பேரரசைச் சார்ந்ததும் இக்காலத்துச் செக் குடியரசில் உள்ளதுமாகிய ஹைன்ஸெண்டார்ப் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோஹான். வறுமையால் கல்வி தடைப்படுங்கால், தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை ஈந்து உதவினாள். 1843-இல் புருன் நகரத்து அகுஸ்தீனார் மடம் புகுந்து, கிரகர் என்னும் பெயர் பூண்டார். 1850-இல் ஆசிரியர் தேர்வில் தவறினார். பின்னர் வியன்னா பல்கலைக்கழகத்திற் பயின்று, 1856-இல் மீண்டும் முயன்றும் வெற்றி பெற்றிலர். அவ்வாண்டே மடத்துத் தோட்டத்திற் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பது நம்மனோர் கருதத்தக்கது.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் மகரந்தம் மாற்றிக் கலந்தபொழுது, விளைந்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவற்றை விதைத்து, அச்செடிகள் தம்முள் தாமே கருவுற்றுத் தந்த விதைகளை எண்ணினார்: உருண்டை 5,474; சுருங்கியவை 1,850. மறைந்த குணம் அழிந்திலது. மூன்றுக்கு ஒன்றாக மீண்டது. ஆகவே, ஒவ்வொரு குணத்திற்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு கூறுகள் உள என்று துணிந்தார்.

1865-இல் புருன் கழகத்தில் இதனை விரித்துரைத்தார். மறு ஆண்டு அச்சிற் கண்டது. அறிஞருலகோ பொருட்படுத்திலது. 1868-இல் மடாதிபதியாகி, வரி வழக்கொன்றில் பல்லாண்டு அலைப்புண்டார். தங்கை செய்த நன்றியை மறவாது, அவள் மக்களைப் படிக்க வைத்தார். 1884-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் மறைந்தார். 1900-இல்தான் அறிஞர் மூவர் தனித்தனியே ஆராய்ந்து அவர் கண்ட விதியை நிலைநாட்டினர்.

விதை சுருங்கிய காரணமோ 1990-இல் புலனாயிற்று. மாச்சத்தின் இழைகளைக் கிளைக்கச் செய்யும் நொதி ஒன்றுண்டு. அதற்குரிய மரபணுவில், ஏட்டிற் புகும் இடைச்செருகலேபோல், ஏறத்தாழ 800 எழுத்துக்கள் புகுந்தமையால் அந்நொதி செயலற்றது. அதனால் மாச்சத்துக் குறைந்து சர்க்கரை மிகும். இளவிதை நீரை மிகுதியாக ஏற்கும். முற்றி உலருங்கால் அந்நீர் வற்றத் தோல் சுருங்கும்.

நெல்லின்கண்ணும் இத்தகைய மாறுதல்கள் உண்டு. அரிசியின் மாச்சத்தில், கிளை அரிதாகிய அமைலோஸும் கிளை செறிந்த அமைலோபெக்டினும் அடங்கும். அமைலோஸை ஆக்கும் நொதியின் மரபணு பழுதுற்றால், சோறு ஒன்றோடொன்று ஒட்டும். லாவோஸ் நாட்டார் விரும்பி உண்பது அவ்வரிசியே. கிளைக்கச் செய்யும் நொதி பழுதுற்றாலோ, அமைலோஸ் மிகுந்து சோறு குழையாது விறைக்கும். ஒட்டும் நெல்லை ஒட்டாத நெல்லோடு கலப்பின், அக்குணம் முதலில் மறைந்து, அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்றாகவே மீளும்.

தேர்வில் இருமுறை தவறிய ஒருவர் தோட்டத்தில் எண்ணிய கணக்கு, இன்று நம் சோற்றுப் பருக்கையளவும் வந்து நிற்கின்றது. சுருங்கிய விதையைச் சொத்தையென்று எறியாது, அதனையும் ஒன்றாக வைத்து எண்ணினார். அதுவே மெண்டலின் பெருமை.