இராமலிங்க அடிகளாரும் சத்திய தருமச்சாலையும்

நடுநாட்டின்கண் கெடிலத்திற்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட செம்மண் மேட்டில் விளங்குவது நெய்வேலி நகரம். பழுப்பு நிலக்கரியை அகழ்தற்பொருட்டு 1956ஆம் ஆண்டில் ஆங்கு ஒரு நிறுவனம் அமைந்தது. 1962இல் அந்நிலக்கரியால் மின்னாக்கம் தொடங்கிற்று. அவ்வனல் மூட்டப்படுதற்கு 95 ஆண்டுகட்கு முன்னரே, அந்நகர்க்கு அணித்தாகிய வடலூரில் பிறிதோர் அனல் மூட்டப்பட்டது. அஃது இன்றளவும் அணைந்திலது. அவ்வடுப்பை ஏற்றிய இராமலிங்க அடிகளாரின் வரலாற்றை, அறம் ஈதலும் அறத்தைக் காத்தலும் என்னும் இரண்டனையும் பற்றி ஈண்டு வரையப் புகுந்தோம். அருட்பாவின் சுவை பற்றியோ அடிகளின் சித்தி பற்றியோ எழுதினார் பலர். சாலையின் அரிசி எங்கிருந்து வந்தது என்று வினவினார் சிலரே.

அடிகள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள், கருணீகர் மரபினராகிய இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையார்க்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினர். தந்தையார் ஊர்க்கணக்கு எழுதுபவர், சிறார்க்கு எழுத்தறிவிப்பவருமாவர். அவர் மகவு பிறந்த சில திங்களிலேயே காலமாயினமையின், குடும்பம் பொன்னேரியைச் சார்ந்த சின்னக்காவணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் குடியேறி வாழ்வதாயிற்று. மூத்த தமையனாராகிய சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து ஈட்டிய பொருளே வீட்டிற்கு உணவு. கணக்கர் மைந்தரும் பிரசங்கியார் தம்பியுமாகிய அடிகள், பின்னாளில் பணத்தைக் கையால் தொடுதற்கும் கூசினர் என்பது நினைத்தற்குரியது.

தமையனார் நோயுற்ற ஒருநாள், சோமு செட்டியார் இல்லத்துப் பெரியபுராணப் பிரசங்கத்திற்கு இளையவரே சென்றார். கேட்டோர் வியந்து, அவரே தொடர்தல் வேண்டும் என விழைந்தனர் என்ப. கந்தகோட்டத்தும் திருவொற்றியூரினும் அவர் செய்த வழிபாடும், 1851இல் ஒழிவிலொடுக்கமும் 1855இல் தொண்டமண்டல சதகமும் அவரால் பதிப்பிக்கப் பெற்றமையும் அன்பர் அறிந்தனவே, அவற்றை விரித்திலோம். ஆயின் பெரியபுராணத்தில் அவர் தோய்ந்தமையை மட்டும் ஈண்டு நிறுத்திக் காட்டுதல் வேண்டும். மழையிருளில் வந்த அடியார்க்காக அன்று விதைத்த நெல்லை வயலினின்று வாரிக் கொணர்ந்த இளையான்குடிமாற நாயனார் வரலாற்றை இளமையிலேயே நெஞ்சிற் பதித்துக்கொண்ட ஒருவர், பின்னர்ச் சோற்றுச்சாலை கண்டது புதுமையன்று. வடலூர் அடுப்பின் முதற்பொறி திருத்தொண்டர் புராணத்தினின்று தெறித்தது என்பதே எமது துணிபு.

1858ஆம் ஆண்டில் அடிகள் சென்னையை நீத்துத் தில்லை வழிபட்டு, கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினர். ஒன்பதாண்டு அவ்வில்லத்தார் அவர்க்கு உணவளித்தனர். பிற்காலத்து எண்ணிறந்தோர்க்குச் சோறிட்டவரை அத்துணையாண்டு உண்பித்த அக்குடும்பத்தின் தொண்டு பெரிதும் பேசப்படாமை எமக்குக் குறையாகவே தோன்றுகின்றது. இக்காலத்தே இறுக்கம் இரத்தின முதலியார், அடிகளின் பாடல்களை அச்சிடத் தரும்வரை நாளும் ஒருபொழுதே உண்பதென நோன்பு பூண்டார். புகழை வெறுத்த அடிகள், தம் பொருட்டு ஒருவர் பட்டினி கிடத்தலைப் பொறாராய் இசைந்தனர். 1867இல் திருவருட்பா முதல் நான்கு திருமுறைகளும் வெளிப்போந்தன. 1865இல் தோன்றிய சங்கத்தையும் அவ்வச்சுப் பணியையும் அன்பர் பொருளே தாங்கிற்று.

1866ஆம் ஆண்டின் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பெரிதும் வருத்திற்று. அடுத்த ஆண்டே அடிகள் தருமச்சாலைக்கு இடம் நாடினர். பார்வதிபுரம் என்று வழங்கிய வடலூரின் மக்கள் ஏறக்குறைய 80 காணி, அஃதாவது இக்கால அளவையில் நூற்றுக்கு மேற்பட்ட ஏக்கர் நிலத்தை, விலை பெறாது எழுதிக் கொடுத்தனர். கொடுத்தவர் ஒரு சமீன்தாரர் அல்லர், ஒரு மடாதிபதியும் அல்லர்; ஊரினர் பலர் கூடித் தத்தம் பங்கை விட்டனர். நிலத்தின் அருமையை நெய்வேலியார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுரங்கத்தின் பொருட்டு வயலையும் வீட்டையும் குலதெய்வக் கோயிலையும் விட்டெழுந்த குடிகள் அந்நகரைச் சூழ இன்றும் உளர். ஈடு பெற்றும் அவர் நெஞ்சம் ஆறிற்றிலது. ஈடு ஒன்றும் பெறாமல் கொடுத்த பார்வதிபுரத்தாரின் வண்மையை அவர்களே நன்கு மதிக்க வல்லவர்.

பிரபவ வருடம் வைகாசித் திங்கள் 11ஆம் நாள், 1867 மே 23, வியாழக்கிழமை, சாலை தொடங்கப்பெற்றது. அடிகள் தம் கையாலேயே அடுப்பை மூட்டினர். அன்று ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் அவர்தம் உரைநடை நூலின் முதற்பகுதியைச் சிதம்பரம் வேங்கடசுப்ப தீக்ஷிதர் படித்தார். சாதி, சமயம், தேயம், நடை என்னும் வேறுபாடு கருதாது பசித்தார் எவர்க்கும் உணவளித்தலே அச்சாலையின் விதி.

இவ்விடத்துச் சைவ நூலுணர்ந்தார் ஒரு தடை எழுப்புதல் உண்டு. மாகேசுவர பூசை அடியார்க்கு உரியது. பாத்திரம் அறியாது இடுதல் தருமமாயினும் பூசையாமோ என்பர். தடை பொருளற்றதன்று. சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம் அடியார் வழிபாட்டை ஆலய வழிபாட்டோடு ஒப்ப வைத்ததன்றி, உண்பார் யாவரையும் அவ்வாறு வைத்திலது. ஆயினும், பசியே தகுதி என அடிகள் கொண்டது மாகேசுவர பூசையை விலக்குதற்கன்று. அதனினும் கீழ்ப்படியில் நின்று, உயிர் உடம்பில் நிற்றற்கு வேண்டுவதைச் செய்தற்கே என்று யாம் கருதுகின்றோம். உடம்பு நில்லாவழிச் சரியையும் இல்லை, ஞானமும் இல்லை.

இனிச் சாலையைக் காத்த வகை. தொடக்கத்தில் அது மண்சுவரும் கூரையுமாகவே இருந்தது. ஒருநாள் சாலையில் அரிசி தீர்ந்ததென்று அதனைப் பார்த்துவந்த சண்முகம் பிள்ளை அடிகள்பால் வருந்திக் கூற, அவர் சிறிது தியானித்திருந்து நாளை வரும் என்றனர் என்றும், மறுநாள் திருத்துறையூரன்பர் ஒருவர் கனவிற் கட்டளை பெற்று வண்டிகளில் அரிசி முதலியன கொணர்ந்தனர் என்றும் வரலாற்று நூலார் கூறுவர். கனவின் உண்மையை ஆராய்வது எமது கருத்தன்று. சாலைக் கலத்தில் அரிசி இல்லாமையை மறையாது உரைத்த காவலர் ஒருவர் இருந்தார்; வேற்றூரில் இருந்துகொண்டே அவ்வடுப்பைத் தம் அடுப்பாக எண்ணிய கொடையாளர் ஒருவரும் இருந்தார். இவ்விருவருள் ஒருவர் இல்லையாயினும் அடுப்பு அணைந்திருக்கும். நம் மடங்களிலும் கோயில்களிலும் முன்னோர் வைத்த அன்னதானக் கட்டளைகள் பல பெயரளவில் நிற்றற்குக் காரணம் ஈவோர் குறைந்தமை என்று சொல்லப்படுகின்றது. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கட்டளை நிலத்தின் குத்தகை எவ்வளவு, வந்தது எவ்வளவு, இலையில் விழுந்தது எவ்வளவு என்பதனை உண்பார் முன்னிலையிலேயே உரைக்க வல்ல சண்முகம் பிள்ளைகள் அருகினமையே காரணம். காட்டப்படாத கணக்கிற்கு எவர் கொடுப்பர்?

ஆறுமுக நாவலர் அருட்பாவை மறுத்தமையும், வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றமையும் சைவவுலகம் மறவாதன. அப்பூசலில் யாம் புகவில்லை. அடிகளின் இறுதிக்காலக் கொள்கைகள் சித்தாந்தத்தோடு முற்றும் இயையா என்பதும் எமக்கு உடன்பாடே. ஆனால் 1877ஐ அடுத்த பஞ்சக்காலத்தில் யாழ்ப்பாணத்தே கஞ்சித்தொட்டித் தருமம் நிறுவி, செல்வரிடம் பொருள் திரட்டி ஏழைகட்குக் கஞ்சி வார்த்தவர் அந்நாவலரே. பாட்டில் மாறுபட்ட இருவரும் பானையில் மாறுபட்டிலர். இருவர் மாணாக்கரும் பூசலை வளர்த்த அளவிற்கு இதனை எடுத்துப் பேசாமை வருந்தத்தக்கது.

1870இல் அடிகள் மேட்டுக்குப்பம் சென்று சித்திவளாகம் எனப் பெயரிட்ட இல்லில் உறைந்தனர். எண்கோண வடிவினதாகிய சத்திய ஞானசபையில் 1872 சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நிகழ்ந்தது. 1874 சனவரி 30ஆம் நாள் இரவு அறையினுட் புக்குக் கதவடைத்தவர் மீண்டும் காணப்பட்டிலர். தலைவர் மறைந்த சில ஆண்டுகளிலேயே, 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் என்னும் பெரும் பஞ்சம் தென்னாட்டை அழித்தது. பேரறங்கள் பல நிறுவினாரோடு மாய்தல் உலகியல்பு. வடலூரிலோ, கல்பட்டு ஐயா போன்ற அணுக்கத் தொண்டர் சாலையிலேயே இருந்து, நாள்தோறும் இலையிட்டு, அதனை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்புவித்தனர். ஐயா 1902இல் அங்கேயே அடங்கினர்.

இப்போது சபையும் சாலையும் இந்து சமய அறநிலையத்துறையின் ஆட்சியில் உள்ளன. தைப்பூசத்தின்போது அரிசி மூட்டையும் காய்கறியும் சுமந்து சிற்றூர்மக்கள் வருகின்றனர். நெய்வேலித் தொழிலாளர் குடும்பங்களும் அவருள் அடங்குவர். 2024ஆம் ஆண்டில் சபையின் முன்னுள்ள பெருவெளியில் அரசினர் பன்னாட்டு மையம் ஒன்று கட்டத் தொடங்கியபோது, பார்வதிபுரத்தார் திரண்டு மறுத்தனர். தம் முன்னோர் அந்நிலத்தை வெளியாக விளங்குதற்கே கொடுத்தனர் என்பது அவர் வழக்கு. மையத்தால் அடிகள் புகழ் பரவும் என்றாரும் உளர். கொடுத்தோர் வழியினர் 157 ஆண்டு கழித்தும் கொடையின் கருத்தை நினைவிற் கொண்டு வந்து நின்றமையை யாம் மதிக்கின்றோம். அடுப்பில் அன்றும் உலை கொதித்தது. மறுக்க வந்தோரும் காக்க வந்த காவலரும் பசித்தவழிச் சாலையில் உண்ணத் தடை ஏதுமில்லை.