சுண்ணாம்பு அடித்த லயங்கள்

ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர் என் பாட்டி. தொழிலாளர் இலாகா அதிகாரி வரப்போகிறார் என்றால், இரண்டு நாள் முன்பே லயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்களாம். கால்வாய் சுத்தமாகும். கங்காணியின் குரல்கூடத் தணிந்துவிடும். அதிகாரியின் கார் போனதும் எல்லாம் பழையபடிதான். இதைச் சொல்லிச் சொல்லிப் பாட்டி சிரிப்பார். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்.

சாஸ்திரி 1869-இல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், ஏழைப் புரோகிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1907-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய ஆங்கிலப் பேச்சு ஆங்கிலேயரையே வியக்க வைத்தது.

1927-இல் இந்திய அரசின் முதல் முகவராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே பேச்சோடு நிற்கவில்லை. இந்தியப் பிள்ளைகளின் உயர்கல்விக்காகவும் ஆசிரியர் பயிற்சிக்காகவும் இந்திய வணிகர்களிடமே நிதி திரட்டினார். டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரி அதன் பலன். நல்ல நோக்கம் நிலைக்கப் பணமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டுக்கு அவர் வந்தது 1936 டிசம்பரில். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், வயது 67. உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத் தொழிலாளரின் கூலி வெட்டப்பட்டிருந்தது. விலை மீண்ட பிறகும் கூலி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு அவரை அனுப்பியது. சில வாரங்கள் சுற்றிப் பார்த்து, 1937-இல் அறிக்கை தந்தார். சரிவுக்கு முன்பிருந்தபடி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 சென், பெண்களுக்கு 40 சென் வழங்க வேண்டும் என்றார். ஒரே மரத்தைச் சீவும் பெண்ணுக்கு ஏன் 10 சென் குறைவு என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை.

தொழிலாளர் இங்கு வருவதைத் தடுக்கத் தேவையில்லை என்றும் அவர் எழுதினார். மலாயா இந்தியத் தலைவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். 1938-இல் தோட்ட நிர்வாகங்கள் மீண்டும் கூலியில் கைவைத்தன. அதே ஆண்டு ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. செக்ரோலைப் புரட்டினால் கூலி தெரியும், அவமானம் தெரியாது.

சாஸ்திரி 1946-இல் காலமானார். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சில வாரப் பயணம் எவ்வளவுதான் காட்டும்? அன்றும் தொழிலாளர் சட்டம் இருந்தது. கோலாலம்பூரில் இந்திய அரசின் முகவரும் இருந்தார். அவரால் பார்க்க முடியும், எழுத முடியும், உத்தரவிட முடியாது. ஆள் கொண்டுவரும் செலவுக்காக 1907 முதல் தோட்ட முதலாளிகள் பணம் கட்டிய ஒரு நிதியும் இருந்தது. ஆனால் பாட்டியின் லயத்துக்கு வந்து அவருடைய உரிமையைத் தமிழில் சொன்னவர் ஒருவருமில்லை.

எனக்கும் சொல்ல ஆளில்லை. எஸ்.பி.எம். முடித்து மலாக்கா பட்டணத்தில் ஒரு கடையில் மூன்று மாதம் வேலை செய்தேன். கடைசி மாதச் சம்பளம் வரவேயில்லை. பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அந்த முதலாளிக்கும் சட்டம் முழுதாகத் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

மாணவர்களே, விடுமுறையில் வேலைக்குப் போகிறீர்களா? 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் இன்று 1,700 ரிங்கிட். இவற்றை அமல்படுத்த அதிகாரிகள் வேண்டும். தொழிலாளியிடமும் சிறு வியாபாரியிடமும் போய் விளக்க ஆள் வேண்டும். இரண்டுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் சட்டமும் பாட்டி கண்ட சுண்ணாம்புதான்.