நல்லூர் ஞானப்பிரகாச அடிகள்

பழமையை ஆராயப் புகுவோர்க்கு முதற்கண் வேண்டப்படுவது மொழியறிவாகும். புதுச்சேரியைச் சார்ந்த பாகூரில் விளங்கிய கல்விச்சாலைக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் 9ஆம் நூற்றாண்டில் மூன்று ஊர்களைக் கொடையாக அளித்தான். அதனைக் கூறும் செப்பேடு வடமொழியிலும் தமிழிலும் அமைந்துள்ளது. இரண்டும் கற்றார்க்கே அது தன் பொருளை முழுதும் உணர்த்தும். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிற் கல்வெட்டுகளை உணரப் பழந்தமிழ் எழுத்தறிவு வேண்டும். அவ்வூரிலேயே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தின் வரலாற்றைத் துருவி ஆராய்வார்க்குப் பிரெஞ்சு மொழியறிவு இன்றியமையாதது. இங்ஙனமே கத்தோலிக்க சமயம் தமிழ் மக்களிடையே பரவிய வரலாறும் போர்த்துக்கீசியம், இலத்தீன், பிரெஞ்சு முதலிய பல மொழி ஏடுகளிற் சிதறிக் கிடந்தது. அவ்வேடுகளைத் தேடிக் கற்று, ஈழநாட்டுத் திருச்சபையின் வரலாற்றை வரைந்த பெருமை யாழ்ப்பாணத்து நல்லூர் ஞானப்பிரகாச அடிகளைச் சாரும்.

அடிகள் 1875ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மானிப்பாய் என்னும் ஊரில் சைவ வேளாண் குடியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்தியலிங்கம் என்பது. இளமையிலேயே அவர் தந்தையை இழந்தார். பின்னர் அவர்தம் அன்னையார் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்பாரை மணந்தார். தம்பிமுத்துப்பிள்ளை கத்தோலிக்கர், செய்யுள் இயற்ற வல்லவர், அச்சுக்கூடம் நடத்தியவர். தாயும் மகனும் அச்சமயத்தைத் தழுவினர். வைத்தியலிங்கம் ஞானப்பிரகாசர் ஆயினார். ஏடும் எழுத்தும் அச்சும் நிறைந்த அவ்வில்லம் சிறுவரின் அறிவுக்கு நல்ல விளைநிலமாக அமைந்தது.

கல்வி முடித்த இளைஞர் சிறிது காலம் புகைவண்டித் துறையில் எழுத்தராகப் பணிபுரிந்தார். ஆயினும் அவருள்ளம் துறவையே நாடிற்று. 1895இல் குருமடம் புகுந்து, 1901ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார். பின்னர் நல்லூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டு ஊர்தோறும் சென்று மறைப்பணி ஆற்றினார். அவர் எழுப்பிய ஆலயங்கள் 37 என்பர். இத்துணைப் பணிகளுக்கிடையே கிடைத்த ஓய்வையெல்லாம் அவர் மொழிப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமே செலவிட்டார். அவர் கற்ற மொழிகள் எழுபதுக்கும் மேற்பட்டன என்று மக்கள் வியந்து கூறுவர். எண்ணிக்கை எதுவாயினும், ஒவ்வொரு மொழியும் அவருக்கு ஒரு புதிய ஏட்டுப் பெட்டியைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

அக்காலத்தில் யாழ்ப்பாண வரலாறு எழுதுதல் எளிய செயலன்று. மன்னாரிற் புதிதாகக் கிறித்தவம் தழுவியோர் பலர் 1544ஆம் ஆண்டிற் சங்கிலி மன்னனின் ஆணையால் உயிரிழந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்ட போர்த்துக்கீசியர் சைவக் கோயில்கள் பலவற்றை இடித்தனர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அவற்றுள் ஒன்று. 1658இல் வந்த ஒல்லாந்தரோ கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்து அடக்கினர். ஆகவே ஒவ்வொரு சமயத்தாரிடத்தும் ஆறாத புண் ஒன்று இருந்தது. போர்த்துக்கீசியர் கொணர்ந்த சமயத்தின் குருவாக, அவர்கள் இடித்த கோயிலின் ஊரில் வாழ்ந்துகொண்டு, அக்காலத்தைப் பற்றி எழுதுவது எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம்மவர் மகிழ எழுதினும் பிறர் வெகுள்வர். பிறர் மகிழ எழுதினும் தம்மவர் வருந்துவர்.

இவ்விடர்ப்பாட்டுக்கு அடிகள் கண்ட வழி சான்றுகளை ஒப்பிட்டு நோக்குதலேயாகும். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அந்நாட்டு மன்னர் வரலாற்றைத் தமிழிற் கூறுவது. கோவாவில் வாழ்ந்த குவேறோஸ் என்னும் பாதிரியார் 1687இல் முடித்த பெருநூல் அதனைப் போர்த்துக்கீசிய மொழியிற் கூறுவது. இவ்விரண்டும் மன்னர் பெயரிலும் ஆண்டுக் கணக்கிலும் பலவிடத்து முரண்படும். அடிகள் ஒன்றை நம்பி மற்றொன்றைத் தள்ளிவிடாது, இரண்டையும் பிற ஆவணங்களோடு வைத்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக, போர்த்துக்கீசியர் காலத்து யாழ்ப்பாண மன்னர் பற்றிய ஆங்கில நூல் 1920இலும், யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் தமிழ் நூல் 1928இலும் வெளிவந்தன. இவற்றிற்கிடையே 1924இல் இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடக்ககால வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்த 1505 முதல் 1602 வரையுள்ள செய்திகள் அந்நூலில் அடங்கியுள்ளன.

அவர்தம் முடிவுகளை எல்லோரும் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுதல் இயலாது. யாழ்ப்பாண மன்னர்தம் தோற்றம் பற்றி முதலியார் இராசநாயகம் போன்ற அறிஞர்கள் அவரோடு மாறுபட்டனர். ஆயினும் அவர் காட்டிய நெறி நிலைத்து நின்றது. மாறுபடுவோரும் சான்று காட்டியே மாறுபடல் வேண்டும் என்னும் முறை அதனால் வலுப்பெற்றது.

முதுமையில் அடிகள் சொல்லாராய்ச்சியில் ஆழ்ந்தார். தமிழ்ச் சொற்களின் வேரைக் கண்டு, பிறமொழிச் சொற்களோடு ஒப்பிட்டு விளக்கும் சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை 1938 முதற் பகுதி பகுதியாக வெளியிடலானார். ஒருவர் தனித்து முடித்தற்கரிய பெரும்பணி அது. அது நிறைவுறுமுன்னரே, 1947ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவ்வகராதி முற்றுப்பெறாமை தமிழுக்குப் பேரிழப்பாகும். எனினும் அவர் தொடங்கிய துறை அழிந்துபடவில்லை. பிற்காலத்தில் தேவநேயப் பாவாணர் வேர்ச்சொல் ஆராய்ச்சியை மேலும் வளர்த்தார்.

தம் சமயத்தின்பாற் பற்றுடையோர் தம் சமய வரலாற்றை எழுதுவது இயல்பு. அப்பற்றுக்குச் சான்று என்னும் கடிவாளமிட்டு எழுதுவதே அரிது. அதற்கெனவே மொழி பல கற்று, மூல ஏடுகளை நாடிச் சென்றார் ஞானப்பிரகாச அடிகள். தம் ஊரில் உள்ள கோயிலோ, ஆலயமோ, செப்பேடோ கூறும் செய்தியை அறிய விரும்பும் மாணவர், கேட்டதை அப்படியே நம்பாது மூலத்தைத் தேடிக் கற்கும் அடிகளின் நெறியை மேற்கொள்வாராக.