யூஜின் வி. டெப்ஸ்

யூஜின் விக்டர் டெப்ஸ் (நவம்பர் 5, 1855 - அக்டோபர் 20, 1926) ஐக்கிய அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவரும் சோசலிசவாதியும் ஆவார். வேலைநிறுத்தங்களுக்கு எதிராக நீதிமன்றங்கள் தடையாணை பிறப்பிக்கும் வழக்கம் அந்நாட்டில் வலுப்பெற இவர் மீதான வழக்கு வழிவகுத்தது.

இளமை

இந்தியானா மாநிலத்தின் டெர் ஹோட் நகரில் பிறந்தார். 14 வயதில் பள்ளியை விட்டு இரயில்வே வேலையில் சேர்ந்தார். 1893ல் அமெரிக்க இரயில்வே சங்கத்தை நிறுவினார்.

புல்மன் வேலைநிறுத்தம்

இரயில் பெட்டிகளைத் தயாரித்த புல்மன் நிறுவனம் கூலியைக் குறைத்தது; தொழிலாளர் குடியிருப்புகளின் வாடகையைக் குறைக்கவில்லை. இதனால் 1894 மே மாதம் அங்கு வேலைநிறுத்தம் தொடங்கியது. இதற்கு ஆதரவாக டெப்சின் சங்கத்தினர் புல்மன் பெட்டிகள் இணைக்கப்பட்ட இரயில்களை இயக்க மறுத்தனர். ஜூலை 2 அன்று சிகாகோவில் கூட்டாட்சி நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. பேச்சினால் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு இணங்கச் செய்வதும் அதில் தடுக்கப்பட்டிருந்தது. ஆணையை மீறியமை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்பட்டதால், ஜூரி விசாரணை இன்றியே டெப்சுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1895ல் உச்ச நீதிமன்றம் இதனை ஒருமனதாக ஏற்றது.

பிற்காலம்

சோசலிச வேட்பாளராக ஐந்து முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். போரெதிர்ப்பு உரைக்காகச் சிறையிலிருந்த 1920ல் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். அமைதியான மறியலுக்கு எதிராகக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தடையாணை வழங்குவதைக் கட்டுப்படுத்திய நாரிஸ்-லகார்டியா சட்டம், இவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1932ல் நிறைவேறியது.